அதிகாரிக்குப் பதிலாள்: எகிப்தின் உஷப்தியும் சிவகங்கைச் சீமையின் கைகூப்பிய உருவங்களும்

1. கேள்வி

எகிப்தியக் கல்லறைகள் தந்த சிறு உருவங்களில் உஷப்தி அளவுக்குப் பெருகிக் கிடைப்பவை குறைவு. பெரும்பாலானவை ஒரு சாண் உயரத்துக்குள் அடங்கும். துணி சுற்றிய பிணத்தின் வடிவம், மார்பில் குறுக்காக மடித்த கைகளில் மண்வெட்டி, முதுகில் கூடை, உடலின்மேல் இறந்தவரின் பெயரும் பதவியும். கல், மரம், சுடுமண், நீலப்பச்சை மெருகேறிய ஃபயான்ஸ் என்று செய்பொருள் மாறும். அரசர்களின் கல்லறையில் இருந்தவையே புகழ் பெற்றுவிட்டன. ஆயினும் இவற்றைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வைத்துக்கொண்டவர்களில் பெரும்பகுதியினர் கருவூலக் கண்காணிப்பாளர், அரண்மனை மேலாளர், எழுத்தர், கோயில் குருமார் போன்றோர். சுருங்கச் சொன்னால் அதிகாரிகள்.

சிவகங்கை மாவட்டம் காளையார்கோவிலில், காளீசுவரர் கோயிலுக்குள், பெரிய மருதுவும் சின்ன மருதுவும் சிலைகளாகக் கைகூப்பி நிற்கிறார்கள். காரைக்குடியை அடுத்த குன்றக்குடி முருகன் கோயிலிலும் அவர்களுக்குச் சிலை உண்டு. இருவரும் அரச குலத்தில் பிறந்தவர்கள் அல்லர். சிவகங்கைச் சீமையின் நிர்வாகத்தையும் படையையும் நடத்திய பிரதானிகள். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் கம்பெனிப் படையால் தூக்கிலிடப்பட்டவர்கள்.

இரண்டையும் ஒரே கட்டுரையில் வைப்பதற்குக் காரணம், தொடர்போ கடனோ இருந்தது என்ற நினைப்பு அல்ல. செங்கடல் துறையான குசெய்ர் அல்-கதீமில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அந்த வாணிகம் உரோமர் காலத்தது. உஷப்தி செய்யும் வழக்கமோ தாலமி அரசர்களின் காலத்திலேயே வழக்கொழிந்துவிட்டது. ஆகவே 'அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே' என்ற வகை ஊகங்களுக்கு இங்கே இடமில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. அரசனுக்காக வேலை பார்த்தே வாழ்ந்த ஒருவர் இறந்த பிறகு, அவருடைய உருவம் யாருக்காக, என்ன வேலை பார்க்கிறது?

2. உஷப்தி பணியாளா, பிரதியா?

பொதுவாசகர் அறிந்த விளக்கம் இது: பழைய எகிப்தில் அரசனோடு வேலையாட்களையும் கொன்று புதைத்தார்கள்; பிறகு மனம் இளகி, ஆட்களுக்குப் பதில் பொம்மைகளை வைத்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கால வரிசைதான் ஒத்துழைக்கவில்லை. முதல் அரச வம்சத்து ஜெர் மன்னனின் அபிதோஸ் கல்லறையைச் சுற்றி முந்நூறுக்கும் மேற்பட்ட துணைக் குழிகள் உண்மையிலேயே உள்ளன. ஆனால் அந்த வழக்கம் முதல் வம்சத்தோடு மறைந்துபோகிறது. உஷப்தியின் முன்னோடிகளான சின்னஞ்சிறு மெழுகு உருவங்கள், துணியில் சுற்றிக் குட்டிச் சவப்பெட்டிக்குள் வைக்கப்பட்டவை, தலைகாட்டுவது கி.மு. 2100 அளவில். இடையில் பல நூற்றாண்டுகள் வெறுமையாகக் கிடக்கின்றன. எண்ணூறு ஆண்டுகள் கழித்து ஒருவருக்கு மனம் இளகியது என்று நம்புவது கடினம்.

வேலையாள் உருவங்கள் வேறு வரிசையில் இருந்தன. தீபஸில் உள்ள மெக்கெத்ரே என்ற அமைச்சரின் கல்லறையை நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகக் குழு 1920-இல் அகழ்ந்தபோது, மரத்தில் செய்த களஞ்சியம், மது வடிக்கும் கூடம், மாடுகளை எண்ணிப் பார்க்கும் காட்சி எல்லாம் அப்படியே வெளிவந்தன. அங்கே வேலை செய்கிறவர்கள் பெயரற்றவர்கள். மெக்கெத்ரே நிழலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார். உஷப்தியிலோ மண்வெட்டி பிடித்திருப்பவரின் மேல் எழுதியிருப்பது அதிகாரியின் சொந்தப் பெயர். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

'இறந்தோர் நூல்' என்று நாம் அழைக்கும் தொகுப்பின் ஆறாம் அதிகாரம் உஷப்திக்கு உரியது; அதற்கு மூலமான வடிவம் மத்திய அரசுக் காலத்துச் சவப்பெட்டி வாசகங்களில் 472 ஆம் எண்ணாக வருகிறது. அதன் கருத்து: மறுமையில் வயலை உழவும், கரைக்கு நீர் பாய்ச்சவும், மணலை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கொண்டுபோகவும் இந்த மனிதரைக் கூப்பிட்டால், உருவமே, நீ முன்வந்து பதில் சொல். எகிப்திய அரசு கால்வாய் வெட்டவும் கரை கட்டவும் மக்களைக் கட்டாய வேலைக்கு அழைத்தது. அழைப்பில் சிக்கிய வசதிக்காரர் தனக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பினார். அதிகாரியின் வேலையே அந்த அழைப்பை நடத்துவதுதான். வாழ்நாளெல்லாம் பிறரை வெட்டிவேலைக்குத் துரத்தியவர், மறுமையில் தன் பெயரும் அந்தப் பட்டியலில் வந்துவிடுமோ என்று அஞ்சியிருக்கிறார். எனக்கு உஷப்தியில் பிடித்தது இந்த அச்சம். தெய்வத்தின் வயலில் பதவிக்கு மதிப்பில்லை என்பதை அவர் எப்படியோ உணர்ந்திருந்தார்.

ஆக, ஒரே உருவம் இரண்டு வேலை செய்கிறது. பெயராலும் பிண வடிவாலும் அது இறந்தவரின் பிரதி. கையிலுள்ள கருவியால் அவருக்குப் பதில் போகும் கூலியாள். ஜரோஸ்லாவ் செர்னி 1942-இல் எழுதிய ஆய்வு, அடிமை என்ற பக்கத்துக்கு அழுத்தம் தந்தது. ஹான்ஸ் ஷ்னைடர் 1977-இல் லெய்டன் அருங்காட்சியகத் தொகுப்பை வைத்து எழுதிய மூன்று தொகுதிகள், இந்த இருமுகத்தையும் அதன் வளர்ச்சியையும் விரிவாகப் பேசின. வரலாறு முழுவதையும் பார்த்தால் பிரதியிலிருந்து கூலியாளை நோக்கிய ஒரு நகர்வு தெரிகிறது. தொடக்கத்தில் ஒருவருக்கு ஒன்றோ இரண்டோதான். துத்தன்காமனிடம் 413: நாளுக்கு ஒருவராக 365 பேர், பத்துப் பேருக்கு ஒரு மேஸ்திரியாக 36 பேர், மாதத் தலைவர்கள் 12 பேர். பிற்காலத்தில் மேஸ்திரி உருவத்தின் கையில் சாட்டையும் வந்து சேர்கிறது.

கூலியாள் என்ற கருத்து எந்த அளவுக்கு முற்றியது என்பதற்கு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பாப்பிரஸ் சான்று. ஐ.இ.எஸ். எட்வர்ட்ஸ் 1971-இல் அதை வெளியிட்டார். இருபத்திரண்டாம் வம்சக் காலத்தில், அமுன் கோயிலைச் சேர்ந்த உருவம் வார்ப்பவர் ஒருவர் 401 உஷப்திகளை விற்றதற்கான ரசீது அது. 365 பேரும் 36 மேற்பார்வையாளர்களும் ஆண், பெண் அடிமைகளாகவே கணக்கில் வருகிறார்கள். விலை வெள்ளியில் முழுதாகக் கிடைத்துவிட்டதென்று விற்றவர் உறுதி சொல்கிறார். நெஸ்கோன்ஸ் என்ற சீமாட்டிக்காக அமுன் தெய்வம் பிறப்பித்ததாக எழுதப்பட்ட ஆணையும் இதே கவலையைத்தான் பேசுகிறது: கூலி கொடுத்தாயிற்று, இனி உருவங்கள் வேலையைத் தட்டிக் கழிக்கக் கூடாது. மறுமைக்குப் போகும் அதிகாரி கையில் ரசீதோடு போகிறார்.

3. தாழிக்குள் தேடினால்

இதற்கு இணையாக ஏதாவது சிவகங்கை மண்ணில் உண்டா என்று தேடுகிறவர் முதலில் போக வேண்டிய இடம் கொந்தகை. கீழடி மக்களின் ஈமக்காடாகக் கருதப்படும் இவ்வூரில் தமிழகத் தொல்லியல் துறை 2020 முதல் அகழ்ந்தது. ஈமத்தாழிகள், எலும்புகள், சிறு பானைகள், கிண்ணங்கள், இரும்புக் கருவிகள், மணிகள் கிடைத்தன. 2022-இல் ஒரே தாழிக்குள் 74 சூதுபவள மணிகள் இருந்தன. உணவுக்கு ஏற்பாடு இருக்கிறது, ஆயுதம் இருக்கிறது, அணிகலன் இருக்கிறது. இவற்றில் எதுவும் வேலையாள் அல்ல.

ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 தொடங்கி அகழ்ந்தெடுத்த வெண்கலங்களில் எருமை, நாய், பறவை உருவங்கள் மூடிகளிலும் தாங்கிகளிலும் உள்ளன. தமிழகத்தில் ஈமப் பொருள்களில் உருவங்கள் செழித்த இடம் நீலகிரி. அங்கே முதல் ஆணையராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் கற்குவைகளைத் தோண்டி எடுத்த மண்கலங்களின் மூடிகளில் எருமைகளும் குதிரை வீரர்களும் ஆண், பெண் உருவங்களும் நிற்கின்றன. அவர் நூல் 1873-இல், அவர் இறந்த பிறகு வெளிவந்தது. ஆனால் அந்த உருவங்கள் கலத்தோடு ஒட்டியவை, பெயரில்லை, ஏவலும் இல்லை. அவை இறந்தவரின் உலகைக் காட்டுகின்றனவா, காவலுக்கு நிற்கின்றனவா என்பது வாதத்துக்குரியது. பதிலாள் என்று சொல்வதற்கு எந்தப் பிடியும் இல்லை.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். எகிப்தின் வறண்ட மணல் மரக்குச்சியில் செதுக்கிய ஏழை உஷப்தியைக்கூடக் காப்பாற்றியது. நம் ஈர மண் எதையும் விட்டுவைப்பதில்லை. மரத்திலும் பச்சை மண்ணிலும் உருவங்கள் இருந்து அழிந்திருக்கலாமே? நியாயமான மறுப்புதான். ஆனால் ஆளுயரத் தாழியைச் சுட்டெடுக்கத் தெரிந்த குயவருக்கு ஒரு சாண் பொம்மையைச் சுடுவது பெரிய வேலையல்ல. உருவம் தேவைப்பட்டிருந்தால் சுடுமண்ணில் அது எஞ்சியிருக்கும். சிவகங்கைப் பகுதி வேளார்கள் இன்றும் பிடிமண் வாங்கிக்கொண்டு புரவி செய்கிறார்கள். அந்தக் குதிரைகள் போய் நிற்பது அய்யனார் முன்பு. ஈமக்காட்டுக்கு அவை போவதில்லை.

4. நட்ட கல், ஊன்றிய கல், சுமை தாங்கும் கல்

தமிழ்நாட்டில் இறந்தவருக்குப் பதிலாக நிற்பது நெடுங்காலம் கல்லாகவே இருந்திருக்கிறது, பெரும்பாலும் உருவமற்ற கல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட நடுகற்களில் தமிழ் பிராமியில் பெயர் உண்டு, உருவம் இல்லை. செங்கம் வட்டாரத்துப் பிற்கால நடுகற்களில் வீரன் உருவம் பெறுகிறான். வில்லோ வாளோ ஏந்தி, இறந்த கணத்திலேயே உறைந்து நிற்கிறான். தொல்காப்பியம் கல் காண்பதிலிருந்து வாழ்த்துவது வரை படிப்படியாகச் சொல்லும் சடங்குகளில் இறந்தவன் இனிச் செய்யவேண்டிய வேலை என்று ஒன்றும் இல்லை. அவன் செய்து முடித்துவிட்டான். செய்ய வேண்டியவர்கள் உயிரோடிருப்பவர்கள்.

கருமாதிச் சடங்கிலும் இறந்தவரை ஒரு கல்லில் நிறுத்திச் சோறும் நீரும் தருகிறோம். சடங்கு முடிந்ததும் கல்லை எடுத்துவிடுகிறோம். செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் முன்னோருக்குச் செய்யும் படைப்பு இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது. திருமணம் போன்ற நிகழ்வுகளை ஒட்டி, குடும்பத்தில் இறந்து தெய்வமானவருக்குப் புதுப் புடவையும் வேட்டியும் வைத்து, சமைத்துப் படைக்கிறார்கள். பர்மாத் தேக்கில் தூணும் கதவும் இழைத்து, முகப்பில் சுதை உருவங்களை நிறைத்த மாளிகைக்குள், இறந்தவருக்கு மட்டும் உருவம் தேவைப்படவில்லை. துணி போதுமானதாக இருக்கிறது. பணமோ கலைஞரோ இல்லாததால் இப்படி என்று யாரும் சொல்ல முடியாது.

சுமைதாங்கிக் கல் இந்த வரிசையில் தனித்து நிற்பது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணுக்காகச் சாலையோரத்தில் இரு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்துவார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் உதவியில்லாமல் இறக்கிவைத்து மூச்சு வாங்கலாம். இறக்க முடியாத சுமையோடு போனவளின் பாரம் இப்படித் தீரும் என்பது நம்பிக்கை. உஷப்திக்கு நேர் எதிர்த் திசையில் ஓடுகிறது இந்த எண்ணம். அங்கே இறந்தவரின் மணற்கூடையை உருவம் சுமக்கிறது. இங்கே இறந்தவளின் கல், போகிற வருகிறவர்களின் கூடையைச் சுமக்கிறது. நம் ஈம மரபில் 'வேலை செய்யும் நினைவுச்சின்னம்' என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். ஆனால் இது சாமானியப் பெண்களுக்கானது. அரசவை அதிகாரிக்கு இதில் இடமில்லை.

5. பிரதானிகள் நிற்கும் இடம்

அதிகாரி எங்கே போனார்? கோயிலுக்குள் போனார்.

பாண்டியன் நெடுஞ்சடையனிடம் உத்தரமந்திரியாக இருந்த மாறன் காரி, மதுரை ஆனைமலையில் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை எடுத்தார். பணி முடியுமுன் இறந்தார். தம்பி மாறன் எயினன் அதே பதவிக்கு வந்து, முகமண்டபம் அமைத்துக் குடமுழுக்குச் செய்தார். கல்வெட்டின் ஆண்டு கி.பி. 770. இறந்த அமைச்சர் விட்ட வேலையைச் செய்ய இங்கே பதிலாள் வருகிறார். அது பொம்மை இல்லை, பதவியை ஏற்ற தம்பி.

தஞ்சைப் பெரிய கோயிலில் ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியன் என்ற தென்னவன் மூவேந்தவேளான், நாயன்மார் செப்புத் திருமேனிகளோடு இராசராசனுக்கும் அவன் தேவி உலோகமாதேவிக்கும் உருவம் செய்து வைத்தார். அதிகாரி தன் அரசனுக்கு உருவம் செய்து தருவது எகிப்திலும் உண்டு: துத்தன்காமன் கல்லறையில் கிடைத்த உஷப்திகளில் ஐந்து நக்த்மின் என்ற படைத்தலைவரும், ஒன்று கருவூலத் தலைவர் மாயாவும் தந்தவை. இரண்டு இடங்களிலும் உருவம் அரசனுடையது, செய்வித்தவர் பெயர் அதிகாரியுடையது. விசுவாசத்தைப் பொறித்து வைப்பதற்கு இதைவிட நல்ல வழி அரசவையில் வேறென்ன இருந்திருக்கும்!

நாயக்கர் காலத்தில் அதிகாரியே உருவம் பெறுகிறார். மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தின் வாயிலில் குதிரைமேல் இருப்பவர், அதைக் கட்டிய தளவாய் அரியநாத முதலியார். அவருக்கு இன்றும் அவ்வப்போது மாலை விழுகிறது. இந்த மரபின் கடைசிக் கண்ணிகளில் ஒன்றாகவே மருது சகோதரர் உருவங்களைப் பார்க்க வேண்டும். காளையார்கோவிலின் பெரிய ராஜகோபுரம் அவர்கள் கட்டியது. குன்றக்குடியோடு அவர்களுக்கு இருந்த பற்றுக்கு ஒரு செவிவழிக் கதை உண்டு: பெரிய மருதுவுக்கு வந்த ராஜபிளவை, குன்றக்குடி முருகனை வேண்டிச் செட்டியார் ஒருவர் பூசிய திருநீற்றால் ஆறியது என்பது. கதையின் மெய்ம்மை எப்படியிருந்தாலும், பிரதானியும் நகரத்தாரும் ஒரே தெய்வத்தின் முன் நின்ற சமூக உறவை அது சரியாகவே சொல்கிறது.

இவை ஈம உருவங்களா? கலை வரலாற்றார் இவற்றைக் கொடையாளர் உருவம் என்ற தலைப்பில் அடக்குவர். அந்த வகைப்பாடு, உருவம் வைக்கப்பட்ட கணத்தை மட்டும் பார்க்கிறது. கைகூப்பிய கொடையாளர் உருவம் அவர் உயிரோடிருக்கையிலும் இறந்த பிறகும் ஒரே நிலையில் நிற்கிறது. ஆனால் அதன் வேலை மாறிவிடுகிறது. மனிதர் இருக்கும்வரை அது அவர் ஊரில் இல்லாத நாளுக்கான பிரதி. இறந்தபின் எல்லா நாளுக்குமான பிரதி. மருது சகோதரர்களுக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். தங்கள் தலைகளைக் காளையார்கோவிலில், சுவாமி சன்னதிக்கு எதிரே புதைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதாக மரபு சொல்கிறது. சமாதி அங்கேதான் இருக்கிறது. தலை கோயிலுக்கு வெளியே, உருவம் உள்ளே, இரண்டும் நோக்குவது ஒரே திசை. ஆண்டுதோறும் அக்டோபர் 27-இல் அங்கே குருபூசை நடக்கிறது. கொடையாளர் உருவம் ஈம உருவமாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இம்மாவட்டத்தில் இல்லை.

6. கல்லறைக்கு வெளியே புதைந்த உஷப்தி

இதுவரை சொன்னதை வைத்து ஓர் எளிய எதிர்நிலையை நிறுவிவிடலாம்: எகிப்திய அதிகாரி ஊழியத்திலிருந்து தப்பிக்க உருவம் செய்தார், தமிழ் அதிகாரி ஊழியத்தைத் தொடர உருவம் செய்தார். கவர்ச்சியான முடிவு. ஆனால் எகிப்தியச் சான்றுகளில் ஒரு பகுதி இதை ஏற்க மறுக்கிறது.

இரண்டாம் அமென்ஹோதெப்பின் தலைமை மேலாளர் கெனாமுன். அவர் தாய் அரசனுக்குப் பாலூட்டிய செவிலி. கெனாமுனின் கல்லறை தெற்கே தீபஸில் இருக்கிறது. அவருடைய உஷப்திகள் பலவோ வடக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, கீசா வட்டாரத்துச் சாவியத் அபு முசல்லமில், குட்டிச் சவப்பெட்டிகளுக்குள் வைத்துப் புதைத்த நிலையில் கிடைத்தன. அரசன் கருணையால் தந்தவை என்று அவற்றில் எழுதியிருக்கிறது. கெனாமுன் தனியர் அல்லர். ஒசிரிஸ் தெய்வத்தின் ஊரான அபிதோஸில் அதிகாரிகள் தங்கள் உஷப்திகளைப் புதைத்தார்கள். சக்காராவில், அபிஸ் காளைகளை அடக்கம் செய்த சுரங்கத்தில், இரண்டாம் இராமசேசின் மகன் காயெம்வாசெத் உள்ளிட்டோர் வைத்தார்கள்.

இந்த உருவங்கள் மணல் சுமக்கப் போகவில்லை. உடல் ஓரிடத்தில் கிடக்க, தெய்வத்துக்குப் பக்கத்தில் தன் பெயரோடு ஒரு பிரதியை நிறுத்தி, அங்கே நடக்கும் படையலிலும் திருவிழாவிலும் பங்கு பெறுவதே நோக்கம். ஆய்வாளர்கள் இவற்றைக் கல்லறைக்குப் புறம்பான உஷப்திகள் என்று தனி வகையாக வைக்கிறார்கள். எனக்கோ இவைதான் வழக்கத்தின் மையத்துக்கு நெருக்கமானவையாகத் தோன்றுகின்றன: எண்ணிக்கை பெருகி, மேஸ்திரியும் ரசீதும் வருவதற்கு முன்பு, உஷப்தி ஒருவரின் 'இருப்பு' மட்டுமாக இருந்த நிலையை இவை காட்டுகின்றன. காளையார்கோவில் உருவங்களோடு ஒப்பிட வேண்டியது கல்லறைப் பெட்டியில் கிடந்த 401 கூலியாட்களை அன்று. அபிதோஸ் மணலில் புதைந்த அந்த ஒற்றை உருவத்தை.

அரசனின் பங்கில் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. கெனாமுனின் உருவத்துக்கு அரசனின் அருள் தேவைப்பட்டது. அதை அவர் மறைக்கவில்லை, எழுதிவைத்தார். மருது சகோதரர்களின் உருவத்துக்கு அரசன் சான்று தேவையில்லை. அவர்கள் உருவத்துக்கு எதிரே இருப்பது தெய்வம் மட்டும். இதை அவர்களின் பணிவு என்று படிக்கலாம். 1772-இல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் கொல்லப்பட்டு, 1780-இல் அவர் அரசி வேலு நாச்சியாரோடு சீமையை மீட்ட பின், அரசுக்குரியவர் யார், அரசை நடத்துகிறவர் யார் என்ற கோடு அழிந்துபோனதன் தடயம் என்றும் படிக்கலாம். கோபுரம் எழுப்புவது அரசர்க்குரிய செயல்; அதைப் பிரதானிகள் செய்தார்கள். இரண்டாவது வாசிப்பே எனக்கு வலுவாகப் படுகிறது.

7. யார் கவனித்துக்கொள்வது?

உஷப்தியின் பெரிய வசதி, அதற்கு வாரிசு வேண்டாம். கூலி முன்பணமாகக் கொடுக்கப்பட்டது, வாசகம் உடம்பிலேயே எழுதப்பட்டது, கதவு மூடப்பட்டது. குடும்பம் அழிந்தாலும் அரசு கவிழ்ந்தாலும் அது தன் வேலையைப் பார்க்கும் என்பது ஏற்பாடு. தமிழகத்துக் கைகூப்பிய உருவத்துக்கு விளக்கேற்ற ஒருவர் வேண்டும். மருதிருவரின் வழியில் அப்படி ஒருவர் எஞ்சாமல் பார்த்துக்கொள்ளக் கம்பெனி முயன்றது. சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் 1802-இல் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். ஆனாலும் உருவங்கள் தனித்துவிடவில்லை, ஏனென்றால் அவை குடும்பச் சொத்தாக இல்லாமல் கோயிலின் உள்ளே இருந்தன. சுவாமிக்கு நடக்கும் பூசையின் ஒளியில் அவையும் நின்றன. பின்னாளில் குருபூசை எடுத்தவர்கள் நேரடி வாரிசுகளாக மட்டும் இருக்க வேண்டிய அவசியமும் நேரவில்லை.

எகிப்தில் இதற்கு எதிரானது நடந்தது. யாரும் கவனிக்கத் தேவையில்லாதபடி செய்யப்பட்ட உஷப்திகளைத்தான் இன்று லெய்டனிலும் லண்டனிலும் கெய்ரோவிலும் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து, ஈரப்பதம் பார்த்து, எண்ணிட்டு, சம்பளம் வாங்கும் அதிகாரிகள் கவனித்துக்கொள்கிறார்கள்.